1.8 விநாடியில் ஒரு சுற்று

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உங்களைக் கவர்ந்த ஒருவருடைய தொழில் வாழ்க்கையைப் பற்றிப் பேசுங்கள்" என்று சங்கச் செயலாளர் கேட்டார். ஏதாவது விஞ்ஞானி பெயரைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் ஜெஃப் மில்ஸ் என்றேன். "யாரு சார் அவர்?" "டெக்னோ டி.ஜே." போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, பத்து நிமிஷத்துக்குள்ள முடிச்சுடுங்க" என்றார். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மில்ஸ் 1963-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்தவர். மோட்டார் கம்பெனிகள் வளர்த்த ஊர் அது. 1950-ல் 18 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 1990 கணக்கெடுப்பில் 10 லட்சத்துச் சொச்சமாகக் குறைந்திருந்தது. தொழிற்சாலைகள் மூடின, வசதி இருந்தவர்கள் புறநகருக்குப் போனார்கள், மிஞ்சியவர்களில் பெரும்பான்மையினர் கறுப்பின மக்கள். அப்படிப்பட்ட ஊரில் 1980-களில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று இளைஞர்கள் மின்னணுக் கருவிகளைக் கொண்டு உருவாக்கிய நடன இசைதான் டெக்னோ. மில்ஸ் அவர்களுக்கு அடுத்த வரிசை. அதே காலத்தில் உள்ளூர் வானொலியில் 'விசர்ட்', அதாவது மந்திரவாதி, என்ற பெயரில் இசைத்தட்டுகளைக் கலந்து ஒலிபரப்பிக்கொண்டிருந்தார். முகம் தெரியாது, கை வேகம் மட்டும் ஊருக்கே தெரியும்.

"தட்டைச் சுத்தறதுல என்னய்யா வித்தை இருக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நம் ஊர் மைக் செட்காரர் ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டைப் போடுவார். டி.ஜே. முதல் தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவதை அதனோடு சேர்த்து ஓட்டுகிறார். இரண்டு தாளமும் ஒரே தாளமாகக் கேட்க வேண்டும். எலெக்ட்ரிகல் பிரிவு நண்பர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: சிங்க்ரனைசிங். மெஷின்ஸ் லேபில் ஓடுகிற பஸ்பாருடன் ஒரு ஆல்டர்னேட்டரை இணைப்போமே, அதேதான். முதலில் அலைவெண்ணைச் சரிசெய்கிறோம். பிறகு மூன்று விளக்குகளும் மெதுவாக எரிந்து அணைவதைப் பார்த்து, சரியாக இருள்கிற நேரத்தில் சுவிட்சைப் போடுகிறோம். டி.ஜே.க்கு விளக்கு கிடையாது. ஒரு காதில் ஹெட்போன், மறு காதில் அரங்கம்.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 133 அடி என்றால் இரண்டு அடிக்கு நடுவே 0.45 விநாடி. ஒரு தட்டு நூற்றுக்கு அரைப் பங்கு வேகமாக ஓடினால் போதும், ஒரே நிமிடத்தில் 0.3 விநாடி விலகிவிடும். மேடையே தடுமாறுகிற மாதிரி கேட்கும். டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 எம்கே2 என்ற டர்ன்டேபிள் 1979-ல் வந்த பிறகுதான் இது நம்பி நடக்கிற வேலை ஆயிற்று. பெல்ட் கிடையாது, மோட்டாரே தட்டைச் சுற்றும். வேகத்தைக் குவார்ட்ஸ் படிகம் கட்டுப்படுத்தும். நின்ற நிலையிலிருந்து 0.7 விநாடியில் முழு வேகம். ஒரு நெம்பை நகர்த்தினால் 8 சதவீதம் வரை கூட்டலாம், குறைக்கலாம். மில்ஸ் இதில் இரண்டு அல்ல, மூன்று வைத்து ஓட்டினார். 1996-ல் வெளிவந்த டோக்கியோ லிக்விட் ரூம் பதிவைக் கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். முப்பதுக்கு மேற்பட்ட தட்டுகள். நடுநடுவே சிறு உரசல்கள் கேட்கும். அதைத் துடைக்காமல் அப்படியே வெளியிட்டார்கள் பாருங்கள், அதற்காகவே எனக்கு அந்தப் பதிவு பிடிக்கும்.

அவருடைய இன்னொரு கருவி ரோலண்ட் கம்பெனியின் டி.ஆர்.-909 தாள இயந்திரம். 1983-ல் வந்தது. டிரம் ஒலிகளை டிரான்சிஸ்டர் சர்க்யூட்டே உருவாக்கும். சிம்பல் ஒலிக்கு மட்டும் 6 பிட் பதிவு. நிஜ டிரம் மாதிரி இல்லையே என்று வாங்குவோர் ஒதுக்கினார்கள். சுமார் 10,000 செய்து ஓரிரு ஆண்டுகளில் நிறுத்திவிட்டார்கள். கடைசியில் செகண்ட் ஹேண்ட் கடைகளுக்கு வந்து சேர்ந்தது. டெட்ராய்ட், சிகாகோ பையன்கள் அங்கேதான் அதைப் பிடித்தார்கள். டிரம் போல ஒலிக்காததையே அவர்கள் புது வாத்தியமாக எடுத்துக்கொண்டார்கள்.

இனி தொழில் பக்கம். 1980-களின் இறுதியில் மைக் பாங்க்ஸுடன் சேர்ந்து 'அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினார். பெரிய கம்பெனிகளிடம் போகக் கூடாது. தட்டு, விற்பனை எல்லாம் நம் கையில் என்பது கொள்கை. முகமூடி அணிந்துதான் மேடைக்கு வருவார்கள். சில ஆண்டுகளில் விலகி, 1992-ல் 'ஆக்ஸிஸ்' என்ற சொந்த வெளியீட்டகத்தை ஆரம்பித்தார். முப்பது வருஷத்துக்கு மேலாகியும் அது அவருடையதாகவே இருக்கிறது. அவருடைய பாட்டுகளைவிட இந்த ஒரு முடிவுதான் பெரிய சாதனை என்று நான் நினைக்கிறேன். நம்மில் எத்தனை பேருடைய டிசைன் நம்முடைய பெயரில் இருக்கிறது, சொல்லுங்கள்?

சொந்தக் கடை என்பதால் யாரும் அனுமதிக்காததைச் செய்து பார்க்க முடிந்தது. 1994-ல் 'சைக்கிள் 30' என்ற தட்டு. சாதாரண இசைத்தட்டின் பள்ளம் வெளியிலிருந்து உள்ளே சுருள் சுருளாகப் போகும். இதில் ஒரு பக்கத்தில் பள்ளங்கள் முழு வட்டங்கள். முள்ளை வைத்தால் நீங்கள் எடுக்கும்வரை அதே வட்டத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. அதற்குள் நாலு அடி விழ வேண்டுமானால் வேகம் நிமிடத்துக்கு 133⅓ ஆகத்தான் இருக்க முடியும். வட்டத்தின் முடிவு ஆரம்பத்தோடு மயிரிழை பிசகாமல் சேர வேண்டும். டெட்ராய்ட்டில் இப்படிப்பட்ட வெட்டு வேலையில் கை தேர்ந்தவர் ரான் மர்ஃபி. அந்த ஊர் டெக்னோ தட்டுகள் பலவற்றைத் தன் லேத்தில் வெட்டிக் கொடுத்தவர். 2008-ல் காலமானார். கச்சேரி விமர்சனங்களில் அவர் பெயர் வராது. நாமாவது இங்கே சொல்லிவைப்போம்.

இவர்களுக்கு முதலில் வரவேற்பு கிடைத்தது ஐரோப்பாவில். பெர்லின் சுவர் 1989-ல் திறந்த பிறகு, பழைய டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஒன்றின் நிலவறைப் பெட்டக அறையில் 1991-ல் 'ட்ரெசோர்' என்ற நடன அரங்கம் தொடங்கினார்கள். இரும்புக் கதவு, துருப்பிடித்த லாக்கர்கள். அவர்களே தட்டும் வெளியிட்டார்கள். முதல் வெளியீடு இந்த டெட்ராய்ட் குழுவினுடையதுதான்.

இப்போது உள்ள டிஜிட்டல் கருவிகளில் சிங்க் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் இரண்டு தாளமும் தானே சேர்ந்துகொள்ளும். மின் நிலையங்களில் ஆட்டோ சிங்க்ரனைசர் எப்போதோ வந்துவிட்ட மாதிரிதான். அப்புறம் ஆளுக்கு என்ன வேலை? தம்பி தங்கைகள் இதே கேள்வியை உங்கள் படிப்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். மில்ஸ் 2004-ல் 'எக்ஸிபிஷனிஸ்ட்' என்ற டி.வி.டி.யில் தன் கைகளைக் கேமராக்களுக்கு முன்னால் வைத்துவிட்டார். அதைப் பார்த்தால் தாளத்தைச் சேர்ப்பது அவருக்குச் சில விநாடி வேலைதான் என்று தெரிகிறது. மிச்ச நேரமெல்லாம் அடுத்து எது, எப்போது நுழைப்பது, எதை எடுத்துவிடுவது என்பதில் போகிறது. அந்தப் பகுதிக்குப் பொத்தான் வரவில்லை. வரவே வராது என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை.

பிற்காலத்தில் 1927-ல் வந்த 'மெட்ரோபொலிஸ்' மௌனப் படத்துக்கு 2000-ல் இசையமைத்தார். 2005-ல் பிரான்ஸில், ரோமானியர் கட்டிய பான்ட் டு கார் நீர்ப்பாலத்தின் அருகே சிம்ஃபொனி இசைக்குழுவுடன் வாசித்தார். 2007-ல் பிரெஞ்சு அரசு கலை விருது கொடுத்தது. விண்வெளியைப் பற்றி அவர் செய்த ஆல்பங்களில் சில எனக்கு ஓடவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் 2018-ல் நைஜீரிய டிரம்மர் டோனி ஆலனுடன் சேர்ந்து செய்தது வேறு ரகம். ஃபெலா குட்டியின் குழுவில் வாசித்த பெரியவர்; தாளத்தை லேசாக முன்னும் பின்னும் தள்ளி வாசிப்பவர். இயந்திரம் அப்படித் தள்ளாது. மில்ஸ் 909-இன் பொத்தான்களில் விரலை வைத்துக்கொண்டு அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆலன் 2020-ல் காலமானார். அவர்கள் சேர்ந்து வாசித்த வீடியோக்கள் இருக்கின்றன.

பத்து நிமிஷம் தாண்டிவிட்டது, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வெளியே டீ மேஜைக்குப் பக்கத்தில் இரண்டு டர்ன்டேபிளும் சில தட்டுகளும் வைத்திருக்கிறேன். வந்து சேர்த்துப் பாருங்கள். மெஷின்ஸ் லேபில் நல்ல மார்க் வாங்கியவர்கள் முதலில் வரலாம்.