முதல் கடவுச்சீட்டு



ஜப்பான் அரசு தன் குடிமகன் ஒருவருக்கு முதன்முதலாகக் கடவுச்சீட்டு வழங்கிய நாள் 1866 நவம்பர் 23. அது பற்றிய ஆவணம் டோக்கியோவில் வெளியுறவு அமைச்சகத்தின் காப்பகத்தில் இருக்கிறது. கடவுச்சீட்டில் புகைப்படம் ஒட்டும் வழக்கம் அன்று வரவில்லை. ஆகவே ஆளின் உயரம் என்ன, கண் எப்படி, மூக்கு எப்படி, வாய் எப்படி என்று தூரிகையால் எழுதி வைத்தார்கள். முதல் சீட்டு யாருக்குப் போயிருக்கும்? அரசத் தூதர், பெருவணிகர், மேல்நாட்டுப் படிப்புக்குப் போன அறிஞர் என்றுதான் நமக்கு நினைக்கத் தோன்றும். போனது சுமிடாகாவா நாமிகோரோ என்பவருக்கு. எடோ நகரத்துச் செப்பிடு வித்தைக்காரர். காகிதத்தைக் கிள்ளிப் பட்டாம்பூச்சி செய்து விசிறிக் காற்றில் பறக்கவிடுவது அவர் பிழைப்பு.

இந்தச் செய்தியை முதன்முதலில் படித்தபோது எனக்குள் எழுந்த மகிழ்ச்சியை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இன்று வந்திருக்கிறேன். ஒரு நாட்டின் கதவு திறக்கும்போது முதலில் வெளியே காலெடுத்து வைப்பவர் யார் என்பது சிறிய விஷயமில்லை.

அந்தக் கதவு எப்படி மூடியிருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1630களில் தொகுகாவா ஆட்சி ஆணைகள் பிறப்பித்தது. நாட்டைவிட்டுப் போகிறவனுக்கும், போய்விட்டுத் திரும்பி வருகிறவனுக்கும் மரண தண்டனை. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இதுதான் சட்டம். அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெரி 1853ல் கறுப்புக் கப்பல்களோடு வந்து நின்ற பிறகும் அது மாறவில்லை. மறு ஆண்டு யோஷிதா ஷோயின் என்ற இளம் அறிஞர் இரவில் படகில் போய் பெரியின் கப்பலில் ஏறி, என்னையும் கூட்டிப் போங்கள் என்று கெஞ்சினார். திருப்பி அனுப்பப்பட்டுச் சிறைக்குப் போனார். 1859ல் யோகோஹாமா துறைமுகம் திறந்தது. வெளிநாட்டார் வரலாம், உள்நாட்டார் போகக்கூடாது என்ற நிலை. 1866ல்தான் படிப்புக்கும் வணிகத்துக்கும் போகலாம் என்று தளர்த்தினார்கள். தளர்த்திய சில மாதங்களுக்குள் வரிசையில் முன்னால் வந்து நின்றவர்கள் கூத்தாடிக் குடும்பங்கள்.

அவர்கள் போனதற்குக் காரணம் இருந்தது. துறைமுகம் திறந்த பிறகு விலைவாசி ஏறியது. 1866ல் அரிசி விலை தாங்காமல் எடோவிலும் ஒசாகாவிலும் மக்கள் கலகம் செய்து கடைகளை உடைத்தார்கள். வயிறு காயும் ஊரில் பம்பரம் சுற்றுகிறவனுக்கு யார் காசு போடுவார்கள்?

இவர்கள் யார்? எடோவில் ரியோகோகு பாலத்தடியிலும் அசாகுசா கோயிலின் பின்புறத்திலும் கொட்டகை போட்டு வித்தை காட்டியவர்கள். பெரிய அரங்கத்து கபுகி நடிகர்களையே ‘ஆற்றங்கரைப் பிச்சைக்காரர்கள்’ என்று இழித்துப் பேசிய சமூகம் அது. கொட்டகைக்காரர்கள் எந்த இடத்தில் இருந்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தொழிலுக்குள் அவர்களுக்கென்று ஒரு மரியாதை இருந்தது. ஆசான் இறந்தால் அவர் பெயரையே மகன் சூட்டிக்கொள்வான். மகன் இல்லாவிட்டால் தேர்ந்த சீடனைத் தத்தெடுத்துப் பெயரைக் கொடுப்பார்கள். அசாகுசாவில் மாட்சுயி கென்சுயி என்ற பெயர் இப்படித் தலைமுறை தலைமுறையாக வந்தது. பம்பரம் சுற்றிக் கூட்டம் சேர்ப்பதும் சேர்ந்த கூட்டத்துக்குப் பல்பொடியும் மருந்தும் விற்பதும் அந்தக் குடும்பத்தின் தொழில். கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடுகிறேன் என்று பேருந்து நிலையத்தில் கூட்டம் சேர்த்து லேகியம் விற்றவரை என் வயதுக்காரர்கள் பார்த்திருப்பீர்கள். அதே மரபு. அந்த கென்சுயி குடும்பத்தார் 1867 பிப்ரவரியில் லண்டன் மேடையில் நின்றார்கள்.

அந்தப் பம்பரத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். கயிறு இல்லை, இரு உள்ளங்கைகளுக்கு நடுவே அச்சை வைத்துத் தேய்த்து விடுவார்கள். சுற்றும் பம்பரத்தை உருவிய வாளின் கூர்விளிம்பு மீது வைப்பார்கள். அது பிடியிலிருந்து நுனி வரை மெல்ல நகர்ந்து போய், நுனியில் நின்று சுழலும். பிறகு அதையே ஒரு கயிற்றின் மீது விடுவார்கள். கயிற்றின் மறுமுனையில் பொம்மைக் கோயில். பம்பரம் கயிற்றில் நடந்து கோயில் வாசலுக்குள் நுழையும். வாள் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் பம்பரம் தரையில் விழும். அந்த மணிக்கட்டு எத்தனை ஆண்டு பழகியிருக்க வேண்டும்!

நாமிகோரோவின் பட்டாம்பூச்சி அதைவிட நுட்பம். மெல்லிய தாளைக் கிள்ளி முறுக்கினால் இரண்டு சிறகு. கீழிருந்து விசிறியால் காற்றைத் தள்ளத் தள்ள அது எழும்பும், தயங்கும், மலர்ச்செண்டில் இறங்கும், விசிறியின் விளிம்பில் உட்கார்ந்து சிறகசைக்கும். இரண்டாவது பூச்சி வரும். ஒன்றையொன்று துரத்தும். கடைசியில் கையிலிருந்து நூற்றுக்கணக்கான தாள் துணுக்குகள் பொங்கி மேடையெங்கும் பறக்கும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழை ஒன்று உண்டு என்பது வித்தைக்காரர்களுக்குத் தெரிந்த ரகசியம். தெரிந்தால் என்ன? இழை பூச்சியை விழாமல் பிடிக்கும். அதற்கு உயிர் கொடுப்பது விசிறி.

இந்த நாமிகோரோவைச் சேர்த்துக்கொண்டு பதினெட்டுப் பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தவர் ரிச்சர்ட் ரிஸ்லி கார்லைல் என்ற அமெரிக்கர். மல்லாந்து படுத்துத் தன் மகன்களைப் பாதங்களால் தூக்கியெறிந்து பிடிக்கும் வித்தையால் ஐரோப்பா முழுக்கப் பெயர் வாங்கியவர். அந்த வித்தைக்கு சர்க்கஸ் உலகில் இன்றும் அவர் பெயர்தான். 1864ல் ஒரு சர்க்கஸோடு யோகோஹாமாவில் இறங்கினார். அங்கே பனிக்கட்டி விற்றார், பசு மாடுகள் வாங்கிப் பால் வியாபாரமும் செய்து பார்த்தார். அந்த ஊரிலேயே தன் சொந்த வித்தையைத் தன்னைவிட நன்றாகச் செய்கிறவர்களைக் கண்டார். காலால் வித்தை செய்வதற்கு ஜப்பானியர் ‘அஷிகெய்’ என்று தனிப்பெயரே வைத்திருந்தார்கள். அதில் கைதேர்ந்தவர் ஹமாஇகாரி சதாகிச்சி. அவருடைய மகன் உமேகிச்சி.

தந்தை முதுகுக்கு மெத்தை வைத்துப் படுத்துக் கால்களை நேராக உயர்த்துவார். பாதங்களில் ஓர் ஏணி. உமேகிச்சி அதில் ஏறி உச்சிக்குப் போவான். அங்கிருந்து பக்கவாட்டில் நீளும் கழியில் ஊர்ந்து போய்த் தலைகீழாகத் தொங்குவான். இன்னொரு வித்தையில், அவன் ஏறிய ஏணி பாதியில் துண்டு துண்டாகக் கழன்று விழும். ஒற்றைக் கால்மரத்தைப் பற்றிக்கொண்டு அவன் மட்டும் மேலே நிற்பான். நின்றதும் கூட்டத்தைப் பார்த்து, தான் கற்ற ஆங்கிலத்தில் “ஆல் ரைட்!” என்று கத்துவான். அமெரிக்கா அவனுக்கு ‘லிட்டில் ஆல் ரைட்’ என்றே பெயர் வைத்துவிட்டது.

எங்கள் ஊர்த் தெருவில் கழைக்கூத்து நடக்கும்போது எல்லோரும் கழியின் உச்சியில் இருக்கும் குழந்தையைத்தான் பார்ப்போம். என் பாட்டி மட்டும் கீழே கழியை வயிற்றில் தாங்கி நிற்பவனைப் பாருடா என்பார். சதாகிச்சியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தக் குரல் கேட்கிறது. மேலே மகன் கையை நீட்டுவதற்கு ஒரு நொடி முன்பே, அது எந்தப் பக்கம் நீளப்போகிறது என்று தந்தையின் பாதம் அறிந்திருக்க வேண்டும். கை நீண்ட பிறகு நகர்ந்தால் தாமதம்.

1866 டிசம்பர் தொடக்கத்தில் யோகோஹாமாவிலிருந்து ‘ஆர்ச்சிபால்ட்’ என்ற கப்பல் புறப்பட்டது. ஆண்டு முடியும் தறுவாயில் சான் பிரான்சிஸ்கோ. ஜனவரியில் முதல் காட்சி. பிறகு கப்பலில் பனாமா, அங்கே நிலப்பாலத்தை ரயிலில் கடந்து, மறுபடி கப்பலில் நியூயார்க். வாஷிங்டனில் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் அவர்களை வரவேற்றார். 1867 கோடையில் பாரிஸ். அங்கே உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. ஆட்சித் தலைவரான ஷோகனின் தம்பி தொகுகாவா அகிதாகே ஜப்பானின் பிரதிநிதியாக வந்திருந்தார். அவரும் காட்சிக்கு வந்தார். சொந்த ஊரில் அத்தகைய ஒருவர் வந்தால் கொட்டகைக்காரன் தரையில் நெற்றி படக் கிடக்க வேண்டும். பாரிஸில் அவர் பார்வையாளர், இவர்கள் மேடையில்.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? மேல்நாட்டுச் செய்தித்தாள்கள் பக்கம் பக்கமாக எழுதின. வித்தையைப் புகழ்ந்தன, ஷாமிசென் என்ற நரம்புக் கருவியின் இசையைக் காது கூசுகிறது என்று கேலி செய்தன, பெயர்களைக் கன்னாபின்னாவென்று சிதைத்தன. அவற்றை மட்டும் நம்பியிருந்தால் இவர்கள் நமக்கு வெறும் வேடிக்கைப் பொருளாகவே மிஞ்சியிருப்பார்கள். நல்லவேளையாக, குழுவின் மேலாளர் தகானோ ஹிரோஹாச்சி ஒரு நாட்குறிப்பு எழுதினார். இன்றைய ஃபுகுஷிமா மாவட்டத்து ஈனோ கிராமத்தில் பிறந்தவர். பெரிய படிப்பாளி இல்லை. காதில் விழுந்த ஊர்ப்பெயரைக் கேட்டபடியே எழுதுகிறார். வானிலை, பயணத் தொலைவு, காட்சிக்கு வந்த கூட்டம், போன விலைமகளிர் வீடு, எல்லாம் ஒளிவு மறைவின்றி வரும். அவர் ஊரார் அதை 1977ல் அச்சிட்டார்கள். நாவலாசிரியர் யாசுவோகா ஷோதாரோ 1980களில் அதை வைத்து ஒரு பெரிய நூலே எழுதினார்.

இங்கே ஒருவரை நினைக்காமல் என்னால் மேலே போக முடியவில்லை. ஹிரோஹாச்சிக்கு அரை நூற்றாண்டு முன்பே, லண்டன் மேடைகளில் பந்து வீசிப் பிடித்தும் கத்தி விழுங்கியும் புகழ்பெற்ற இந்தியர் ஒருவர் இருந்தார். விளம்பரங்கள் அவரை ‘ராமோ சாமி’ என்றன. அந்தப் பெயருக்குள் நம்முடைய ராமசாமி இருப்பது தமிழ்க் காதுக்கு உடனே கேட்கும். 1850ல் லண்டனிலேயே வறுமையில் இறந்தார். அவரைப் பற்றிய செய்தியெல்லாம் பார்த்தவர்கள் எழுதியவை. அந்த மனிதர் முதல் பனியைப் பார்த்த இரவில் என்ன நினைத்தார்? ஒரு நாட்குறிப்பின் அருமை எனக்கு அங்கேதான் உறைக்கிறது.

ஹிரோஹாச்சி குழு 1868 செப்டம்பரில் ஸ்பெயினில் இருந்தது. ராணி இசபெல்லாவை நாட்டைவிட்டே ஓடச்செய்த புரட்சி அப்போதுதான் வெடித்தது. அதே ஆண்டு அவர்களுடைய சொந்த நாட்டிலும் ஆட்சி கவிழ்ந்திருந்தது. 1869ல் ஹிரோஹாச்சியும் சிலரும் யோகோஹாமாவில் இறங்கியபோது, அவர்களுக்குக் கடவுச்சீட்டு கொடுத்த அரசாங்கம் இல்லை. எடோ என்ற ஊர்ப்பெயரும் இல்லை, டோக்கியோ ஆகியிருந்தது. மற்றவர்கள் ரிஸ்லியோடு மேல்நாட்டிலேயே தங்கினார்கள். ரிஸ்லி 1874ல் ஃபிலடெல்ஃபியாவில் ஏழைகள் விடுதியொன்றில் இறந்தார்.

போனவர்கள் எல்லோரும் திரும்பவில்லை. ஒசாகாவையும் எடோவையும் கலக்கிய கழைவித்தைக்காரர் ஹயாதகே தோராகிச்சியை வண்ண மரச்செதுக்கு ஓவியர்கள் விதவிதமாக வரைந்திருக்கிறார்கள். 1867ல் அமெரிக்கா போனார். மறு ஆண்டே அங்கே இறந்தார். சாகுராகாவா ரிகினோசுகே ஆஸ்திரேலியாவில் சர்க்கஸ் நடத்திப் பிழைத்து, அங்கேயே மணமுடித்து, 1882ல் குவீன்ஸ்லாந்தில் குடியுரிமை பெற்றார். அவருடைய பெயர் அங்கத்திய நாவில் புரண்டு புரண்டு ‘டிசினோஸ்கி’ என்ற குடும்பப் பெயராகிவிட்டது.

குழந்தைகளைப் பற்றிப் பேசாமல் இந்த வரலாற்றைச் சொல்வது நேர்மையாகாது. உமேகிச்சி போன்ற பிள்ளைகளுக்கு வேறு வழி இருந்ததா என்று கேட்கத்தான் வேண்டும். பல குழுக்களில் பிள்ளைகள் பெற்ற பிள்ளைகளாகவும் இருந்தார்கள், சீடர்களாகவும் இருந்தார்கள், தத்தெடுத்தவர்களாகவும் இருந்தார்கள். நியூயார்க் 1876லும் இங்கிலாந்து 1879லும் சிறுவர்களை ஆபத்தான வித்தைகளில் இறக்குவதைத் தடுக்கச் சட்டம் இயற்றின. இங்கிலாந்தில் வயது வரம்பு 14. அந்தச் சட்டங்கள் சரியானவை என்பதே என் கருத்து. அதே வாயால் இன்னொன்றையும் சொல்கிறேன்: எலும்பு இளகியிருக்கும் வயதில் பழகாத உடம்புக்கு இந்தக் கலை பிறகு வசப்படாது. இரண்டும் உண்மை. நாற்பது ஆண்டுகளாக இந்த இரண்டுக்கும் நடுவே நான் தவித்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் குழுக்களின் வெற்றிக்குப் பின் மேலும் மேலும் குடும்பங்கள் கப்பலேறின. ஐரோப்பிய, அமெரிக்க சர்க்கஸ் விளம்பரத்தாளில் ஜப்பானியக் குழு ஒன்று இருப்பது வழக்கமாயிற்று. எந்த அளவுக்கு என்றால், 1907ல் பாரிஸில் பாத்தே நிறுவனத்துக்காக செகுந்தோ த சொமோன் என்ற ஸ்பானிய இயக்குநர் ‘கிரிகி, ஜப்பானிய வித்தைக்காரர்கள்’ என்றொரு மௌனப்படம் எடுத்தார். நடித்தவர்கள் ஜப்பானியர் இல்லை. கிமோனோவும் பொய்ம்முடியும் மாட்டிய ஐரோப்பியர். கறுப்புத் துணி விரித்த தரையில் அவர்களைப் படுக்க வைத்து, கேமராவை உச்சியிலிருந்து கீழ்நோக்கித் திருப்பினார். திரையில் ஒருவர் தோளில் ஒருவராகக் கோபுரம் எழும்புகிறது. ஒரு சின்னப் பையன் அடியில் நின்று மொத்தக் குடும்பத்தையும் தாங்குகிறான்.

அந்தப் படத்தை இங்கே கொண்டு வந்திருக்கிறேன். மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பார்க்கும்போது ஒவ்வொருவரின் பாதத்தையும் கவனியுங்கள். பாரம் விழுந்த பாதம் எப்படி இருக்கும், விழாத பாதம் எப்படி இருக்கும் என்று தெரியும். பின்வரிசையில் இருப்பவர்கள் முன்னால் வந்து உட்காரலாம். தம்பி, விளக்கை அணைத்துவிடுங்கள்.