கத்தோலிக்கப் பள்ளியும் கண்டோன்மென்ட்டுத் தமிழும்



பெங்களூரில் நீலசந்திரா என்றொரு பேட்டை உண்டு. அப்பெயரைக் கேட்டதும் நிலவை நினைப்பவர் பலர். ஆனால் அதற்கும் வானத்துச் சந்திரனுக்கும் தொடர்பில்லை. பெரிய ஏரியைக் குறித்த ‘சமுத்திரம்’ என்னும் சொல்லே இவ்வட்டாரத்து வழக்கில் ‘சந்திரா’ எனத் திரிந்தது என்பர். பொம்மசந்திரா, சிங்கசந்திரா முதலிய ஊர்ப்பெயர்களும் இவ்வாறு பிறந்தவையே. நீலசந்திராவில் இன்று ஏரியைக் காணோம். பெயர் மட்டும் நிற்கிறது.

இப்பேட்டையின் அண்டையில் ஆஸ்டின் டவுன், விவேக் நகர், வண்ணாரப்பேட்டை ஆகியவை உள்ளன. 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் கண்டோன்மென்ட் என்னும் படைவீட்டை அமைத்தனர். படையைத் தொடர்ந்து ஆர்க்காட்டுச் சீமையிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் கொத்தரும் தச்சரும் வணிகரும் சலவைத் தொழிலாளரும் வந்து குடியேறினர். அவர்கள் வழி வந்தோரும், பின்னர்ப் பிழைப்பை நாடி வந்தோரும் சேர்ந்து வாழும் இடங்களுள் நீலசந்திராவும் ஒன்று.

குடி வந்தாயிற்று, பிள்ளைகள் எங்கே படிப்பது? இக்கேள்விக்கு விடை தந்தவற்றுள் கத்தோலிக்கப் பள்ளிகளுக்குச் சிறப்பான இடம் உண்டு. 1854ஆம் ஆண்டில் நல்லாயன் சபைக் கன்னியர் பெங்களூர் வந்து பெண்களுக்குக் கல்வி புகட்டத் தொடங்கினர். 1858ஆம் ஆண்டில் பாரிஸ் வெளிநாட்டு மறைபோதகச் சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக் குருமார் ஆண்களுக்கென ஒரு பள்ளியை நிறுவினர். அதுவே செயின்ட் ஜோசப்ஸ் எனப் புகழ்பெற்ற புனித சூசையப்பர் பள்ளி. 1882ஆம் ஆண்டில் அதனின்று ஒரு கல்லூரி கிளைத்துச் சென்னைப் பல்கலைக் கழகத்தோடு இணைந்தது. அக்கல்லூரி 2022ஆம் ஆண்டில் பல்கலைக் கழகமாகவே உயர்ந்துவிட்டது.

அக்காலத்து வழக்கப்படி சூசையப்பரின் பெயரிலும் இரண்டு வாயில்கள் இருந்தன. ஒன்று ஐரோப்பியர் பள்ளி. மற்றொன்று இந்தியர் பள்ளி. 1904ஆம் ஆண்டில் தோன்றிய இந்தியர் பள்ளி, முன்னர் கிராண்ட் ரோடு எனவும் இன்று விட்டல் மல்லையா சாலை எனவும் வழங்கும் வீதியில் இருக்கிறது. ஐரோப்பியர் பள்ளி நாடு விடுதலை பெற்றபின் தன் பெயரை மாற்றிக்கொண்டு எல்லார்க்கும் உரியதாயிற்று. மியூசியம் சாலையில் உள்ள அப்பள்ளியில் பயின்றவரே கிரிக்கெட் வீரர் ராகுல் திராவிட். பிறப்பைப் பார்த்துத் திறந்த கதவு, பின்னர்ப் பிறப்பைப் பாராமல் திறந்தது. பெயரில் மட்டும் ‘இந்தியர்’ என்ற சொல் இன்னும் நின்று, பழைய கதையை நினைவூட்டுகிறது.

அப்பள்ளியின் குறிக்கோள் மொழி இலத்தீனில் ‘ஃபீதே எத் லபோரே’ என்பது. ‘விசுவாசத்தாலும் உழைப்பாலும்’ என அதனைத் தமிழாக்கலாம். நீலசந்திராவின் உழைப்பாளிக் குடும்பங்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. சூசையப்பர் தச்சர் என்பதை அவர்கள் அறிவார்கள். பன்னிரண்டாம் பத்திநாதர் 1955ஆம் ஆண்டில் மே முதல் நாளைத் தொழிலாளராகிய சூசையப்பரின் திருநாளாக அறிவித்ததையும் மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இனி, இத்தகைய பள்ளிகளின் மாணவ வாழ்வைச் சற்றே பார்ப்போம். இவற்றுள் ஒன்றில்தான் நானும் படித்தேன். காலை மணி அடித்ததும் வரிசையாக நின்று செபம். பின்னர்க் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேச வகுப்புக்குச் செல்வர். மற்றவர் நீதிபோதனை வகுப்பில் அமர்வர். வளாகத்துள் ஆங்கிலமே பேசவேண்டும் என்பது கட்டளை. ஆனால் மாலையில் கால்பந்து உருளத் தொடங்கினால் கட்டளை பறந்துவிடும். கன்னடம், தமிழ், உருது, கொங்கணி என எல்லா மொழிகளும் மைதானத்தில் ஒருங்கே ஒலிக்கும். ஆஸ்டின் டவுன், நீலசந்திரா பிள்ளைகள் கால்பந்தில் கொண்ட பற்று இந்நகரம் அறிந்த ஒன்று.

நாள்தோறும் ஒரு வேளை மட்டும் வகுப்பு கலையும். அதுதான் மொழி வேளை. கன்னடம் எடுத்தவர் ஓர் அறைக்கும் இந்தி எடுத்தவர் வேறோர் அறைக்கும் போவர். தமிழ் எடுத்த நாங்கள் மாடிப்படிக்கு அடுத்த சிறிய அறைக்குப் போவோம். ஆறாம் வகுப்பில் நாங்கள் பதினான்கு பேர். 1993ஆம் ஆண்டில் ஏழாம் வகுப்பில் ஒன்பது பேர் ஆனோம். அடுத்த ஆண்டு அந்த அறையில் பழைய மேசைகளை அடுக்கினார்கள்.

பள்ளியைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. மொழி மாற்றப் படிவத்தில் கையொப்பமிட்டவர் என் தந்தையார். “இந்தி படித்தால் நாளை உத்தியோகத்துக்கு உதவும்” என்றார். மற்ற பிள்ளைகளின் பெற்றோரும் அவ்வாறே எண்ணினர். அவர்கள் தமிழை வெறுத்தவர்கள் அல்லர். வீட்டில் பேசும் மொழியைப் பள்ளியில் வேறு படிக்க வேண்டுமா என நினைத்தார்கள்.

எங்கள் தமிழாசிரியர் ஒருநாள் மாலை எங்கள் வீட்டுக்கு வந்தார். “படிவத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல வரவில்லை, ஐயா. ஞாயிற்றுக்கிழமை தோறும் பையனை என் வீட்டுக்கு அனுப்புங்கள், அது போதும்” என்றார். மூன்று ஆண்டுகள் சென்றேன். இன்று நடுவணரசின் மொழிபெயர்ப்பாளனாகத் தமிழ் எழுதிப் பிழைக்கிறேன். உத்தியோகத்துக்கு உதவாது எனப்பட்ட மொழியே எனக்கு உத்தியோகம் தந்தது.

இவ்விடத்தில் ஒரு செய்தியை எண்ணிப் பார்க்க வேண்டும். சூசையப்பர் பள்ளியைத் தொடங்கிய பிரெஞ்சுச் சபையின் குருமாரே புதுச்சேரியில் இருந்துகொண்டு பெரியதொரு தமிழ்–பிரெஞ்சு அகராதியைத் தொகுத்தனர். முசே, துய்புய் என்னும் அவ்விருவரின் நூல் 1855ஆம் ஆண்டு முதல் வெளிவந்தது. 1937ஆம் ஆண்டில் அப்பள்ளியை ஏற்றுக்கொண்ட சேசு சபையோ, சதுரகராதி தந்த வீரமாமுனிவரின் சபை. 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் தமிழ் நூலை அச்சேற்றிய அண்டிரிக்கி அடிகளாரும் அச்சபையினரே. கடல் கடந்து வந்தோர் தமிழைக் கற்று அகராதி செய்தனர். அவர்கள் வழி வந்த பள்ளிகளின் அண்டையில் வாழும் நாமோ, நம் பிள்ளைகளின் படிவத்தில் தமிழ் என்று எழுதத் தயங்குகிறோம்.

கேட்பதற்கு நமக்கு உரிமை இல்லையா? உண்டு. 1949ஆம் ஆண்டில் கூடிய கல்வி அமைச்சர் மாநாடு ஒரு விதி வகுத்தது. ஒரு தொடக்கப் பள்ளியில் சிறுபான்மை மொழி பேசும் பிள்ளைகள் நாற்பது பேரோ, ஒரு வகுப்பில் பத்துப் பேரோ இருந்தால், அம்மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியரையேனும் அமர்த்தல் வேண்டும் என்பது அதன் சாரம். 1956ஆம் ஆண்டில் அரசியலமைப்பில் சேர்ந்த 350ஏ உறுப்பும் தொடக்கக் கல்வியில் தாய்மொழிக்கு வசதி செய்யுமாறு மாநிலங்களைப் பணிக்கிறது. இவை தொடக்கக் கல்விக்கு உரியவை. உயர்நிலைப் பள்ளியின் மொழி வேளையை இவை நேரே ஆள்வதில்லை. ஆயினும் இவற்றின் உட்கருத்து யாண்டும் பொருந்தும்: எண்ணிக்கை திரண்டால் குரலுக்கு வலிமை உண்டு. கர்நாடக மாநிலப் பத்தாம் வகுப்புத் தேர்வின் மொழிப் பட்டியலில் தமிழ் இன்றும் இடம்பெற்றிருக்கிறது. தில்லியில் தமிழ்க் கல்விக் கழகத்தார் பள்ளிகளே நடத்திவருவதும் நீங்கள் அறிந்ததே.

இதனைக் கன்னடத்துக்கு எதிரான பேச்சாக யாரும் கொள்ளற்க. வாழும் மண்ணின் மொழியைக் கற்பது கடமை. 2015ஆம் ஆண்டின் கர்நாடகச் சட்டமும் அதனை வற்புறுத்துகிறது. எனக்குக் கன்னடம் கற்பித்த ஆசிரியரை இன்றும் கைகூப்பி வணங்குகிறேன். உண்ட வீட்டை மதிப்பதற்குப் பிறந்த வீட்டை மறக்க வேண்டியதில்லை.

என் மகள் இவ்வாண்டு ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். அவள் பள்ளியில் தமிழ் வகுப்பு வேண்டுமெனக் கேட்டேன். “பத்துப் பிள்ளைகளைச் சேர்த்து வாருங்கள், பார்ப்போம்” என்றார் தலைமைக் கன்னியர். அதுமுதல் மாலை வேளைகளில் நீலசந்திராத் தெருக்களில் வீடு வீடாகப் போய்வருகிறேன். வியாழக்கிழமைகளில் விவேக் நகர்க் குழந்தை இயேசு ஆலயத்தின் வாயிலில் நின்று பெற்றோரிடம் பேசுகிறேன். அங்கே எல்லா மதத்தவரும் வருவர். “வீட்டில்தான் பேசுகிறோமே, சார்” என்ற பழைய விடையையே பலரும் சொல்கின்றனர். ஆயினும் இதுவரை ஏழு பெயர்கள் சேர்ந்துள்ளன. இன்னும் மூன்று வேண்டும்.

மும்பையிலும் கொல்கத்தாவிலும் ஐதராபாத்திலும் வாழும் அன்பர்களே, உங்கள் வீட்டுக்கும் அந்தப் படிவம் ஒருநாள் வரும். கையொப்பமிடுமுன் உங்கள் தெருவில் எத்தனை பிள்ளைகள் உள்ளனர் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கை பத்தாக இருந்துவிடவும் கூடும்.