'வெட்டிப்போடுவேன்'னு சொன்னாத்தான் மிரட்டலா?

(கோவையில் இயக்கத் தோழர்களும் மாணவர்களும் கூடிய சட்டப் பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



கொங்குச் சீமையில் மிரட்டல் எப்படி நடக்கிறது என்று நமக்கு எவரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 'வெட்டிப்போடுவேன்' என்பது கடைசியில் வருகிற சொல். அதற்கு முன்னால், 'நாளையிலிருந்து தோட்டத்துப் பக்கம் வராதே', 'வாங்குன பணத்தைக் கீழ வெச்சுட்டுப் போ', 'உம் பையன் எந்த பஸ்ஸுல காலேஜ் போறான்னு தெரியும்டா' என்று வெற்றிலை மென்றுகொண்டே நிதானமாகச் சொல்வார்கள். தென்னந்தோப்புக்குள் சொன்னதற்கு சாட்சி யார்? தேங்காயா?

பழைய இ.பி.கோ. 506, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 351 ஆகிவிட்டது. மிரட்டலுக்கு 2 ஆண்டு வரை. கொலை, கொடுங்காயம் என்று மிரட்டினால் 7 ஆண்டு வரை. உடம்புக்கு மட்டுமல்ல, சொத்துக்கும், பேருக்கும், நமக்கு வேண்டியவருக்கும் கேடு செய்வேன் என்று பயமுறுத்துவதும் இதில் அடங்கும். அந்த பஸ் பேச்சும் மிரட்டல்தான்.

1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இந்த இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது. பலர் பார்வையில் இழிவுபடுத்தி மிரட்டினால்தான் அது வன்கொடுமை. மற்றபடி 10 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனையுள்ள குற்றங்களைத்தான் 3(2)(வி) பிடித்தது, 506 தப்பித்துக்கொண்டது. 2016 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இந்த ஓட்டையை அடைத்தது. 3(2)(வி.ஏ.) பிரிவின் அட்டவணையில் 506 இருக்கிறது, இனி அதை 351 என்று படிக்க வேண்டும். பட்டியல் சாதியார் என்று தெரிந்தே மிரட்டினால் போதும், பலர் பார்வை தேவையில்லை. 'சாதி தெரியாதுங்க' என்றும் நழுவ முடியாது. நம் குடும்பத்தை அறிந்தவன் என்றால் சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்கிறது 8(சி). மூணு தலைமுறையா வேலை வாங்குனவனுக்குத் தெரியாதா!

வேலை கிடையாது, கடை கிடையாது என்று ஊர்விலக்கம் செய்தாலும், செய்வேன் என்று மிரட்டினாலும் 3(1)(இசட்.சி.): 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை.

ஆனால் ஸ்டேஷனில் 3(1)(ஆர்) மட்டும் போட்டு அனுப்புகிறார்கள். நாலு சுவருக்குள், வெளியாள் இல்லாமல் நடந்தது அதில் வராது என்று 2020-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அப்புறம் அந்த வழக்கு எங்கே நிற்கும்?

வழக்கு பதிந்தபின் மிரட்டல் சாட்சிகள் பக்கம் திரும்பும். கோகுல்ராஜ் வழக்கைப் பாருங்கள். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு மலைக்கோயிலிலிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடல், கூடவே மிரட்டி எழுதி வாங்கிய 'தற்கொலைக் கடிதம்'. விசாரணையில் சாட்சிகள் பலர் பிறழ்ந்தார்கள். தாயார் போராடி வழக்கை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்ற வைத்தார். கோயில் கேமரா பதிவு கைகொடுத்தது. 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்ட 10 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. 2023 ஜூனில் யுவராஜின் ஆயுள் தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது.

எல்லாத் தோட்டத்திலும் கேமரா இருக்காது. அதனால் 15ஏ-வை எழுதிக்கொள்ளுங்கள். பாதிக்கப்பட்டவரையும் சாட்சியையும் மிரட்டலிலிருந்து காப்பது அரசின் கடமை. சாட்சி பிறழ்ந்த பிறகல்ல, வழக்கு பதிந்த வாரமே சிறப்பு நீதிமன்றத்தில் மனுப் போடுங்கள்.

புகார் கொடுக்கத் தனியாளாகப் போக விடாதீர்கள். சொன்னதைச் சொன்னபடி எழுத வையுங்கள். 'தகாத வார்த்தையால் திட்டி' என்று சுருக்க விடாதீர்கள். படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. முதல் தகவல் அறிக்கையின் நகல் தராத அதிகாரிக்கு பிரிவு 4-இல் 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை. ஏட்டையா 'நாளைக்கு வாங்க' என்றால், அதை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள்.