மீனின் இரைப்பையும் நொதியும்



நொதி என்னும் சொல் நம் பாடநூல்களில் வேரூன்றிவிட்டது. மாவு நொதித்துப் புளிப்பதை அறிந்தவர்க்கு அது அயற்சொல்லாகத் தோன்றாது. ‘என்சைம்’ என்பதன் கிரேக்க மூலமும் புளிமாவையே சுட்டுகிறது. அந்நொதி மீன் தீவனத்தில் ஆற்றும் பணியை இன்று காண்போம்.

மீன்தூள் விலையேறியதால், திலாப்பியா, கெண்டை முதலிய வளர்ப்பு மீன்களின் தீவனத்தில் சோயாப் பிண்ணாக்கு பெரும்பங்கு பெற்றுவிட்டது. சோயாவில் பாஸ்பரசு உண்டு. ஆனால் அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்னும் சேர்மத்துள் பூட்டிக் கிடக்கிறது. அப்பூட்டைத் திறக்கும் ஆற்றல் மீனின் குடலுக்கு மிகக் குறைவு. பாஸ்பரசு கிட்டாத மீனுக்கு எலும்பு கோணும், வளர்ச்சி குன்றும். கழிவோடு வெளியேறும் பாஸ்பரசோ குளத்தில் பாசியைப் பெருக்கும். ஆகவேதான் பைட்டேஸ் என்னும் நொதியைத் தீவனத்தில் சேர்க்கின்றனர்.

ஆயினும் இதனை எல்லா மீனுக்கும் பொதுவான வளர்ச்சி மருந்தாகக் கருதுவது பிழை. வழக்கிலுள்ள பைட்டேஸ் வகைகளுள் பல அமிலச் சூழலிலேயே நன்கு செயற்படுவன. திலாப்பியாவுக்கு அமிலம் மிக்க இரைப்பை உண்டு. கெண்டைக்கோ இரைப்பையே கிடையாது! அதனால் ரோகுக் கெண்டையின் தீவனத்தில் சிட்ரிக் அமிலத்தையும் உடன்சேர்த்து ஆய்ந்துள்ளனர். நடுநிலைச் சூழலில் செயற்படும் பைட்டேசும் உண்டு.

இன்னோர் இடர் வெப்பம். தீவனக் குருணை உருவாகும்போது எழும் சூடு நொதியைச் சிதைக்கும். எனவே குருணை ஆறிய பின்னர் அதனை நீர்மமாகத் தெளிப்பது ஒரு முறை. தீவனப் பையில் நொதியின் பெயரைப் பார்த்து வாங்குவோர், அது சேர்க்கப்பட்டது சூட்டுக்கு முன்னரா பின்னரா என்று வினவுவது அரிது.