பெயர் ஒன்று, பெற்றோர் பலர்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பழைய கார் மீது ஆசை கொண்டவர்கள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உண்டு. மோரிஸ் மைனரையும் வோல்க்ஸ்வேகன் பீட்டிலையும் துடைத்து மெருகேற்றி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டி மகிழ்வார்கள். இன்றைய உரை, அவர்களைவிடக் கடினமான பாதையைத் தேர்ந்துகொண்டவர்களைப் பற்றியது. பாகங்களாக விற்கப்பட்டு, வாங்கியவரே தம் வீட்டுக் கொட்டகையில் பூட்டி முடித்த கார்களைக் 'கிட் கார்' என்பார்கள். அப்படிப்பட்ட பழைய கார் ஒன்றை, அது பிறந்த நாட்டுக்கு வெகு தொலைவில் வைத்துக் காப்பாற்றுவது எப்படி?

இவ்வகைக் கார்களில் உலகப் புகழ் பெற்றது லோட்டஸ் செவன். இங்கிலாந்தில் கோலின் சாப்மன் உருவாக்கிய இந்தக் கார் 1957இல் வெளிவந்தது. முழுக் காராக வாங்கினால், கொள்முதல் வரியையும் சேர்த்து 1,036 பவுன். பாகங்களாக வாங்கினால் 536 பவுன்தான். பாகங்களாக விற்கும் காருக்கு அந்நாளில் பிரிட்டனில் கொள்முதல் வரி இல்லை என்பதே காரணம். ஏறத்தாழப் பாதி விலையில் பந்தயக் கார் போன்ற ஒன்று கிடைக்கிறதென்றால், இளைஞர்கள் ஸ்பேனரைக் கையில் எடுக்கத் தயங்குவார்களா? 1973 ஏப்ரலில் கொள்முதல் வரி நீங்கி, மதிப்புக்கூட்டு வரி வந்தது. அத்துடன் அந்தச் சலுகையும் முடிந்தது. அதே ஆண்டில் செவன் காரைத் தயாரிக்கும் உரிமை, லோட்டஸிடமிருந்து கேட்டர்ஹேம் நிறுவனத்துக்குக் கைமாறியது.

இதற்கும் மலேசியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1996இல் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கியது புரோட்டோன். 2017இல் அதன் பெரும்பங்கு சீனாவின் ஜீலி நிறுவனத்துக்குப் போனது. கேட்டர்ஹேம் நிறுவனத்தை 2011இல் வாங்கியவர் ஏர் ஏசியா புகழ் டோனி ஃபெர்னாண்டஸ். 2021இல் அது ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறியது. இப்படி உரிமையாளர்கள் மாறிக்கொண்டே வந்திருக்கும்போது, 1962இல் பூட்டப்பட்ட ஒரு காருக்குப் பாகம் வேண்டுமென்றால் எந்தக் கதவைத் தட்டுவது?

பலரும் இடறி விழுவது இங்கேதான். காரின் மூக்கில் ஒட்டியிருக்கும் பெயரை வைத்துக்கொண்டு பாகம் தேடுகிறார்கள். ஆனால், அந்தக் காரில் லோட்டஸ் தானே உருவாக்கியவை முக்கியமாகச் சட்டமும் உடலும்தான். மற்றவற்றில் பெரும்பாலானவை அன்றைய சாதாரணக் குடும்பக் கார்களிடமிருந்து இரவல் பெற்றவை. முதல் வரிசைச் செவனின் பின் அச்சு நாஷ் மெட்ரோபொலிட்டன் காருடையது. இரண்டாம் வரிசையில் பின் அச்சு ஸ்டாண்டர்ட் கம்பேனியனிடமிருந்தும், முன் சக்கரங்களைத் தாங்கும் பாகம் ட்ரயம்ப் ஹெரால்டிடமிருந்தும் வந்தன. என்ஜின் சிலவற்றில் ஃபோர்டு, சிலவற்றில் பி.எம்.சி., இன்னும் சிலவற்றில் கோவென்ட்ரி கிளைமாக்ஸ்.

'நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக்கூடாது' என்பார்கள். கிட் கார் விஷயத்தில் மூலம் பார்க்காமல் ஒரு திருகாணிகூட வாங்கக்கூடாது.

மூலம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. நான்கு வரிசைகளையும் சேர்த்தே ஏறக்குறைய 2,500 செவன் கார்கள்தான் செய்யப்பட்டன. ஆனால், மோரிஸ் மைனர் 16 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. அமெரிக்காவுக்குப் போன செவன் கார்கள் சிலவற்றில் இருந்த 948 சி.சி. பி.எம்.சி. என்ஜினின் குடும்பம், மைனரிலும் மினியிலும் வேலை செய்த அதே குடும்பம். 1951இல் தொடங்கிய அந்தக் குடும்பத்தின் உற்பத்தி 2000ஆம் ஆண்டு வரை நீடித்தது. ஃபோர்டு என்ஜின்களுக்கும் ஒரு நல்ல காலம் வாய்த்தது. கோர்ட்டினா காரில் இருந்த என்ஜினை வைத்து 1967இல் ஃபார்முலா ஃபோர்டு பந்தயம் தொடங்கியது. பந்தயக்காரர்களுக்குப் பாகம் வேண்டும் என்பதற்காகவே, அந்தக் குடும்பத்து என்ஜின்களுக்குப் பல பாகங்கள் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன.

ஹெரால்டின் கதை தமிழ்நாட்டையும் தொடுகிறது. 1961 முதல் சென்னையில் 'ஸ்டாண்டர்ட் ஹெரால்டு' என்ற பெயரில் அந்தக் கார் தயாரிக்கப்பட்டது. லண்டனில் தேடும் பாகத்துக்கு உறவான ஒன்று சென்னையில் பழைய பாகங்கள் விற்கும் கடையில் கிடந்தாலும் வியப்பில்லை. ஆனால், அளந்து பார்க்காமல் பணத்தைக் கொடுத்துவிடக் கூடாது. ஒரே பெயரில் வந்த கார்களிலும் ஆண்டுக்கு ஆண்டு மாற்றங்கள் உண்டு.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. மற்ற கார்களிடமிருந்து இரவல் பெறாத பாகம் உடைந்தால்தான் உண்மையான திண்டாட்டம். 1970இல் வந்த நான்காம் வரிசைச் செவனுக்குக் கண்ணாடி இழையால் ஆன உடல். அந்தக் காரைத் தொடர்ந்து செய்ய கேட்டர்ஹேம் நிறுவனத்துக்கே பாகங்கள் கிடைக்காமல் போயின. 1974இல் அது பழைய மூன்றாம் வரிசைக்குத் திரும்பிவிட்டது. உற்பத்தியாளருக்கே அந்த நிலை என்றால், தனி மனிதர் என்ன செய்வார்? ஆனால், அந்த நான்காம் வரிசையை நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் ஸ்டீல் பிரதர்ஸ் நிறுவனம் 1970களின் இறுதிவரை பூட்டி விற்றது. ஆகவே, அதற்குப் பாகம் தேடுகிறவர் இங்கிலாந்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. நியூசிலாந்தையும் விசாரிக்க வேண்டும்.

அடுத்தது அளவு. பழைய பிரிட்டிஷ் கார்களில் அங்குலக் கணக்கு. இன்றைய கடைகளில் பெரும்பாலும் மில்லிமீட்டர். 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர் போல்ட்டோடு ஒப்பிட்டால் கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. ஆனால், மரை வேறு. இரண்டு சுற்று உள்ளே போகும், பிறகு இறுகும். பலங்கொண்ட மட்டும் திருகினால், ஐம்பது, அறுபது ஆண்டுகள் தாங்கிய துளையின் மரை அரைந்துபோகும். சில வெள்ளி பெறாத போல்ட்டால், எங்கும் கிடைக்காத ஒரு பாகம் பாழாகிவிடும்.

மின்சாரமும் அப்படித்தான். 1960களின் நடுப்பகுதிவரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனையே காரின் சட்டத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய கார்களில் எதிர்முனை. இது தெரியாமல் புது ரேடியோவையோ ஆல்டர்னேட்டரையோ மாட்டினால், அது நொடியில் கருகிப்போகலாம்.

ரப்பர் பாகங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 'பெட்டி பிரிக்காத பழைய சரக்கு' என்று விளம்பரம் செய்வார்கள். இரும்புக்கு அது பெருமை. ரப்பருக்கு அல்ல. அலமாரியிலேயே இருந்தாலும் ரப்பர் மூப்படையும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருந்தால், முதல் இரண்டு அது தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் காட்டும். பார்த்து வாங்குவது நல்லது. பிரேக், ஸ்டியரிங் ஆகிய இரண்டிலும் 'கிட்டத்தட்டப் பொருந்துகிறது' என்ற பேச்சே கூடாது. செவன் எடை குறைந்த, திறந்த கார். ஓட்டுநரைச் சுற்றி அதிக இரும்பு இல்லை. சரியான பாகம் வரும்வரை கார் போர்ட்டிகோவில் நிற்பதில் அவமானம் எதுவும் இல்லை. மனைவி மக்களின் கேலியைச் சற்றுப் பொறுத்துக்கொண்டால் போதும்.

இவற்றையெல்லாம்விட விலை மதிப்புள்ள ஒரு பாகம் உண்டு. அது எந்தக் கடையிலும் கிடைக்காது. அதுதான் குறிப்புப் புத்தகம். தொழிற்சாலையில் செய்த காரில் என்ன இருக்கிறது என்பது தொழிற்சாலைக்குத் தெரியும். கொட்டகையில் பூட்டிய காரில் என்ன இருக்கிறது என்பது பூட்டியவருக்குத்தான் தெரியும். கையில் கிடைத்த கியர்பெட்டியை ஒருவர் மாட்டியிருப்பார். அவரிடமிருந்து வாங்கியவர் பிரேக்கை மாற்றியிருப்பார். மூன்றாமவர் கைக்கு வரும்போது, அது எந்த அச்சிட்ட நூலிலும் இல்லாத காராகிவிடும்.

ஆகவே, வாங்க நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, குறிப்புகளை. அவை இல்லையென்றால், வாங்கிய நாளிலிருந்து தாமே எழுதத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும்போது அதில் வார்க்கப்பட்டிருக்கும் எண்ணைக் குறித்து, படம் எடுத்து, எந்தக் காரிலிருந்து வந்தது, எங்கே வாங்கியது, என்ன அளவு என்று எழுதி வைக்க வேண்டும்.

கிட் கார் அழிவது பெரும்பாலும் துருவினால் அல்ல. அதைப் பற்றித் தெரிந்தவர் ஒருநாள் இல்லாமல் போவார். அவர் மனத்தில் இருந்தது அவரோடு போய்விடும். மிச்சம் இருப்பதைப் பிள்ளைகள் பழைய இரும்புக்காரரிடம் எடை போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் காருக்குள் இருந்திருந்தால், அதே பிள்ளைகள் சாவியைக் கையில் எடுத்திருப்பார்கள்.