கற்றவர்க்குப் பணி எங்கே?



ஆய்வே ஒரு நாட்டின் விதைநெல். இந்திய நாடோ 2020-21இல் தன் மொத்த உள்நாட்டு விளைவில் 0.64 விழுக்காட்டையே ஆய்வுக்கும் வளர்ச்சிக்கும் செலவிட்டது.

தேர்வுறும் இளநிலை ஆய்வாளர்க்கு நடுவணரசு 2023 சனவரி முதல் திங்கள்தோறும் 37,000 உருபா தருகின்றது. ஐந்தாண்டில் உதவித்தொகை நின்றுவிடும். பட்டம் கைக்கு வரும், பணி வாராது. கல்லூரிகளில் நிலையான இடங்கள் நிரப்பப்படாமற் கிடக்க, முனைவர் பலர் தொகுப்பூதியத்திற் காலங்கழிக்கின்றனர். அவர்தம் ஆய்வும் அத்துடன் பட்டுப்போகின்றது.

2023இல் ஆய்வு அறக்கட்டளைச் சட்டம் இயற்றியபோது, ஐந்தாண்டுக்கு 50,000 கோடி உருபா என்றனர். அதிற் பெரும்பங்கு தனியார் தரவேண்டியதாம்!

உதவித்தொகை மட்டும் உயர்ந்தாற் போதாது. அரசே பொருள் ஒதுக்குக, வெற்றிடங்களை நிரப்புக! விதைநெல்லைக் குற்றித் தின்றவன் எதனை விதைப்பான்?