அட்டை மட்டும் போதுமா?

(திருநெல்வேலி டவுணில் இளைஞர்களுக்கான வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ஒரு தோழர் கேட்டார்: "எல்லாருக்கும் காப்பீட்டு அட்டை கொடுத்தாச்சு. பிடிச்ச ஆஸ்பத்திரிக்குப் போய்க்கலாம். பிறகு எதுக்கு அரசாங்கம் ஆஸ்பத்திரி நடத்தணும்? வரிப்பணம் வீண்தானே?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என் அம்மா பீடி சுற்றியவர். மடியில் தட்டு, மூக்கில் புகையிலைத் தூள் என்று முப்பது வருடம். இளைப்பு வந்து, சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. ஒருமுறை மூச்சுத்திணறல் அதிகமாகி ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். அட்டையை நீட்டினேன். "இது திட்டத்தில் வராது, முன்பணம் கட்டுங்க" என்றார்கள். அக்காவின் கம்மல் அன்றைக்குத்தான் அடகுக்குப் போனது. அதன்பிறகு அம்மா சொல்வார்: "கார்டு பீரோவுல இருக்குலே. மாத்திரை ஹைகிரவுண்டுலதான் இருக்கு."

காப்பீட்டை நான் மட்டமாகப் பேசவில்லை. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது, இதய அறுவைச் சிகிச்சையை நினைத்தே பார்க்க முடியாத குடும்பங்களுக்கு அது உயிர் கொடுத்தது. இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. ஆனால் அது பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கான பணம். வாழ்நாள் முழுக்கத் தின்ன வேண்டிய சர்க்கரை மாத்திரைக்கும், அழுத்த மாத்திரைக்கும் அட்டை உதவாது. நம் தெருவில் சம்பளத்தைத் தின்பது அந்த மாத்திரைகள்தான்.

செலவு என்கிறார்களே, அதையும் பார்ப்போம். 1995இல் இயங்கத் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாநிலம் முழுமைக்கும் தேவையான மருந்தை ஒரே ஒப்பந்தப்புள்ளியில் மொத்தமாக வாங்குகிறது. தரத்தைச் சோதித்து அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. மொத்தமாக வாங்குவதால் விலை குறைகிறது. பிற மாநிலங்களும் இதைப் பார்த்துப் பின்பற்றின. அரசு நேரடியாக இறங்கினால் செலவு கூடும் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இனி நமக்கு முக்கியமான விஷயம். அண்ணல் அம்பேத்கர் தன் நினைவுக் குறிப்பில் 1929இல் வெளியான ஒரு கடிதத்தை எடுத்துக்காட்டுகிறார். கத்தியவாரில் ஒரு தலித் ஆசிரியரின் மனைவி, பிள்ளை பெற்ற சில நாளில் நோயில் விழுந்தார். மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார். ஊர்ப் பெரியவர்கள் பொறுப்பேற்று, கட்டணமாக 2 ரூபாய் பேசியபிறகுதான் வந்தார். வந்தும் அந்தப் பெண்ணைத் தொடவில்லை. வெப்பமானி இன்னொருவர் கைக்குப் போய், கணவர் கைக்கு வந்து, பிறகே அவரிடம் போனது. அந்தப் பெண் இறந்துபோனார்.

கவனியுங்கள் தோழர்களே, அங்கே பணம் இருந்தது. இல்லாதது, தொட்டுப் பார்க்க வேண்டிய கடமை. அட்டை நம் கையில் கொஞ்சம் பணத்தைத் தருகிறது. பொது மருத்துவமனைதான் வருகிறவர் யாராக இருந்தாலும் பார்த்தாக வேண்டும் என்ற கடமையை உண்டாக்குகிறது. கடமை தவறினால் அங்கே நாம் குடிமக்களாக நின்று கேள்வி கேட்கலாம்.

நாற்காலியில் யார் உட்காருகிறார் என்பதும் கேள்வி. அரசு மருத்துவக் கல்லூரியிலும் அரசுப் பணியிலும் 69 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. தனியார் மருத்துவமனை வேலையில் கிடையாது. கிராமத்தில் பணிசெய்யும் அரசு மருத்துவர்களுக்கு மேற்படிப்பில் மாநிலங்கள் ஒதுக்கீடு தரலாம் என்று 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்சநீதிமன்றமே சொன்னது. அரசு மருத்துவமனை சுருங்கினால் சிகிச்சையோடு சேர்ந்து நம் பிள்ளைகளின் இடமும் சுருங்கும்.

அரசு நடத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல வரவில்லை. அரசு மருத்துவமனைகளிலேயே துப்புரவுப் பணி ஒப்பந்தக்காரர்களிடம் போயிருக்கிறது. வார்டைக் கூட்டுபவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று நமக்குத் தெரியும். அந்த வேலையை நிரந்தரமாக்கு என்று கேட்காமல் பொது மருத்துவத்தைப் பற்றிப் பேச நமக்கு உரிமை இல்லை.

நம் மாவட்டத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி பீடிக்குத் தனி வரி வாங்கி, அதில் தொழிலாளர்களுக்கு மருத்துவமனையும் மருந்தகங்களும் நடத்தினார்கள். முக்கூடலில் இருப்பது அப்படி வந்ததுதான். 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்தத் தனி வரியை ஒழித்துவிட்டார்கள். உரிமையாக வந்துகொண்டிருந்த பணம், டெல்லி பார்த்து ஒதுக்கும் பணமாகிவிட்டது. அதே 2017இல் ஒன்றிய அரசின் சுகாதாரக் கொள்கை, 2025க்குள் உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காட்டை அரசுகள் சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும் என்று எழுதியது. எழுதியவர்களிடமே கணக்குக் கேட்போம்.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு யார் நம் தெருவுக்கு வந்தாலும் மூன்றைக் கேளுங்கள். நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை பணியிடம் காலி? காப்பீட்டுப் பணத்தில் தனியாருக்கு எவ்வளவு, அரசு மருத்துவமனைக்கு எவ்வளவு? பீடித் தொழிலாளி மருந்தகத்துக்கு இந்த ஆண்டு என்ன ஒதுக்கினீர்கள்? வாய்ச்சொல்லில் விடாதீர்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு எழுத்தில் வாங்குங்கள். முதல் மனுவை இன்றைக்கே இங்கேயே எழுதுவோம், தாள் கொண்டுவந்திருக்கிறேன்.